சர்ஸியா, பெனலோப்பியா, பிரிசேயிஸா: கிரேக்கப் பெண்கள் பேசும் நாவல்களில் எதை முதலில் எடுப்பது?

கிரேக்கப் புராணத்தைப் பெண்களின் பக்கமிருந்து சொல்லும் ஆங்கில நாவல்கள் கடந்த சில வருடங்களில் குவிந்துவிட்டன. அட்டைகள் எல்லாம் அக்கா தங்கை மாதிரி இருக்கின்றன. கருநீலமோ ஆரஞ்சோ ஒரு பின்னணி, மேலே தங்க நிறத்தில் எழுத்து, நடுவில் ஒரு பெண் முகம் அல்லது கிரேக்க ஜாடி. பின்னட்டை வாசகமும் ஏறக்குறைய ஒன்றுதான்: இதுவரை பேசாதவள் இப்போது பேசுகிறாள். வாங்க நினைப்பவர் குழம்பிப் போவதில் ஆச்சரியம் இல்லை. வாசிப்புக் குழுக்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வியும் இதுதான்: "ஒன்றே ஒன்று படிப்பதானால் எது?"

இங்கே ஐந்து பேரை எடுத்துக்கொள்கிறேன். மேடலின் மில்லரின் 'சர்ஸி' (2018), மார்கரெட் அட்வுடின் 'தி பெனலோப்பியாட்' (2005), பேட் பார்க்கரின் 'தி சைலன்ஸ் ஆஃப் தி கேர்ள்ஸ்' (2018), நாட்டலி ஹெய்ன்ஸின் 'எ தவுசண்ட் ஷிப்ஸ்' (2019), ஜெர்மன் எழுத்தாளர் கிறிஸ்டா வோல்ஃபின் 'கசாண்ட்ரா' (1983), 'மெடியா' (1996). வோல்ஃபுக்கு மட்டும் இரண்டு புத்தகம். இப்படிப்பட்ட பட்டியல்களில் அவர் பெயரே அடிபடாமல் போவதற்கு ஈடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து அளப்பது

முன்கதை. ஹோமரின் காவியங்களான இலியட் (ட்ராய் போர்), ஒடிசி (போர் முடிந்து ஒடிசியஸ் வீடு திரும்புவது) தெரியாமல் உள்ளே போனால் தாக்குப்பிடிக்க முடியுமா? சில நாவல்கள் கையைப் பிடித்துக் கூட்டிப் போகும். சிலவற்றில் மூலக்கதை தெரியாவிட்டால் பாதி நகைச்சுவை புரியாது.

வாசிப்புச் சுமை. ஆங்கிலத்தின் கடினம், நீளம், அத்தியாயப் பிரிவு எல்லாம் இதில் அடக்கம்.

வன்முறை. ட்ராய் போரைப் பெண்கள் பக்கமிருந்து சொன்னால் பாலியல் வன்முறை வராமல் இருக்காது. எவ்வளவு வருகிறது, எப்படி வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

கறை. பழைய கதை இவள்மேல் ஒரு குற்றம் சுமத்தியிருக்கும். சர்ஸி ஆண்களைப் பன்றியாக்கியவள், மெடியா பெற்ற பிள்ளைகளைக் கொன்றவள். புதிய நாவல் அந்தக் கறையைக் கழுவுகிறதா, நியாயப்படுத்துகிறதா, அப்படியே விட்டுவைக்கிறதா?

இவள் பேசும்போது யார் வாயடைத்துப் போகிறார்கள். நான் அதிக மதிப்பெண் வைத்திருப்பது இதற்குத்தான். ஓர் அரசிக்கோ தேவதைக்கோ குரல் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் வேலைக்காரியை மறுபடியும் ஊமையாக்கினால், பழைய கதை செய்த அதே வேலையைத்தானே இதுவும் செய்கிறது?

| புத்தகம் | பேசுபவர் | முன்கதை தேவையா | வாசிப்பு | வன்முறை |
|---|---|---|---|---|
| சர்ஸி | சர்ஸி மட்டும் | தேவையில்லை | நீளம், ஆனால் எளிது | ஓர் இடத்தில் கடுமை |
| தி பெனலோப்பியாட் | பெனலோப்பி, 12 பணிப்பெண்கள் | ஒடிசி கொஞ்சம் தெரிய வேண்டும் | சிறியது, குத்தல் நடை | நேரடியாகக் குறைவு |
| தி சைலன்ஸ் ஆஃப் தி கேர்ள்ஸ் | பிரிசேயிஸ், இடையில் அக்கிலீஸ் பக்கம் | தெரிந்தால் நல்லது | எளிய ஆங்கிலம், கனமான விஷயம் | மிக அதிகம் |
| எ தவுசண்ட் ஷிப்ஸ் | பலர் | பெயர்கள் பழக வேண்டும் | துண்டு துண்டாகப் படிக்கலாம் | நடுத்தரம் |
| கசாண்ட்ரா, மெடியா | கசாண்ட்ரா தனியாக. மெடியாவில் ஆறு பேர் | தேவை | கடினம் | சொல்லாமல் சொல்வது |

## சர்ஸி: எல்லாரும் கைகாட்டும் கதவு

யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். காரணம் இல்லாமல் இல்லை. மில்லர் பள்ளிகளில் லத்தீனும் கிரேக்கமும் கற்றுக்கொடுத்தவர். ஒன்றும் தெரியாத மாணவருக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. சூரியக் கடவுள் ஹீலியஸின் மகள் சர்ஸி. அழகில்லை, சக்தியில்லை என்று வீட்டிலேயே கேலிக்கு ஆளாகிறாள். அப்புறம் மூலிகை வித்தை கைகூடி, ஐயாயா தீவுக்கு நாடு கடத்தப்படுகிறாள். ப்ரொமீதியஸ், மினோட்டார், டீடலஸ், மெடியா என்று புராணத்தின் பெரிய தலைகள் ஒவ்வொருவராக அவள் வாழ்க்கைக்குள் வந்து போகிறார்கள். இந்த ஒரு நாவலை முடித்தாலே கிரேக்கப் புராணத்தின் பாதி உறவுமுறை மனதில் பதிந்துவிடும்.

ஒடிசியில் சர்ஸி வருவது பத்தாம் காண்டத்தில். வந்த மாலுமிகளுக்கு விருந்து வைக்கிறாள், கோலால் தட்டுகிறாள், பன்றியாக்குகிறாள். ஏன் என்று ஹோமர் சொல்வதில்லை. மில்லர் அங்கே ஒரு காரணத்தை வைக்கிறார். கரை ஒதுங்கிய மாலுமிகளைப் பாவம் பார்த்து சர்ஸி உபசரிக்கிறாள். வீட்டில் கணவனோ தகப்பனோ அண்ணனோ இல்லை என்று தெரிந்ததும் அவர்கள் முகம் மாறுகிறது. அதற்கப்புறம்தான் பன்றிகள். கனமான பகுதி, எழுதியிருக்கும் விதமும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. ஹோமரின் சர்ஸிக்குக் காரணமே தேவைப்படவில்லை. அவள் ஒரு கடவுள், நினைத்தாள், செய்தாள். மில்லரின் சர்ஸிக்கு ஒவ்வொரு செயலுக்கும் ஒரு காயம் தேவைப்படுகிறது.

வெளியே தெரியாத விலை சில்லா. சர்ஸி பொறாமையில் மூலிகையைக் கலந்ததால்தான் சில்லா என்ற அப்சரஸ் ஆறு தலை அரக்கியாகிறாள். அவள் கப்பல் கப்பலாக மாலுமிகளைத் தின்கிறாள். சர்ஸிக்கு அந்தக் குற்ற உணர்ச்சி நாவல் முழுக்க இருக்கிறது, உண்மைதான். உருமாறிய சில்லாவுக்கு மட்டும் பேச ஒரு வரி கிடைப்பதில்லை. சூனியக்காரிக்கு நியாயம் கேட்கும் புத்தகத்தில், அவள் உண்டாக்கிய அரக்கி வெறும் அரக்கியாகவே நிற்கிறாள்.

கிரேக்கம் எதுவுமே தெரியாது, ஒரு நல்ல நீண்ட நாவலில் மூழ்க வேண்டும், முடிக்கும்போது மனம் கொஞ்சம் லேசாக இருக்க வேண்டும் என்றால் யோசிக்காமல் இதை எடுக்கலாம். பதின்பருவப் பிள்ளைக்கு வாங்குபவர்கள் அந்த மாலுமிகள் பகுதியை மட்டும் முன்பே புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

## தி பெனலோப்பியாட்: சின்னப் புத்தகம், பெரிய கேள்வி

ஒடிசியின் 22-ஆம் காண்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. இருபது வருடம் கழித்து வீடு திரும்பிய ஒடிசியஸ், மனைவி பெனலோப்பியைப் பெண் கேட்டு வீட்டில் டேரா போட்டிருந்தவர்களை எல்லாம் கொன்று முடிக்கிறான். வீட்டில் ஐம்பது அடிமைப் பெண்கள். அவர்களில் பன்னிரண்டு பேர் அந்த ஆண்களோடு படுத்தவர்கள் என்று கிழட்டுத் தாதி யூரிக்ளியா அடையாளம் காட்டுகிறாள். அந்தப் பெண்களைக் கொண்டே பிணங்களைத் தூக்கச் செய்கிறார்கள். மேசை நாற்காலிகளிலிருந்து ரத்தத்தைக் கழுவச் செய்கிறார்கள். வாளால் வெட்டச் சொல்லித்தான் அப்பா உத்தரவு போட்டிருந்தான். அவ்வளவு கௌரவமான சாவு இவர்களுக்கு எதற்கு என்று மகன் டெலிமாக்கஸ் கப்பல் கயிற்றில் வரிசையாகத் தூக்கிலிடுகிறான். வலையில் சிக்கிய பறவைகளைப் போல என்கிறார் ஹோமர். கால்கள் கொஞ்ச நேரம் துடித்தனவாம், அதிக நேரம் இல்லையாம். பெனலோப்பி அப்போது மாடியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

அட்வுடின் நாவல் அந்தக் கயிற்றில் தொடங்குகிறது என்றே சொல்லலாம். செத்துப்போய்ப் பாதாள உலகில் இருக்கும் பெனலோப்பி நம்மிடம் கதை சொல்கிறாள். கெட்டிக்காரி, குத்தலாகப் பேசுபவள், பெரியம்மா வீட்டுக் கதை கேட்கிற மாதிரி சுவாரசியமாக இருக்கிறது. ஆனால் அவள் பேசி முடிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பன்னிரண்டு பெண்கள் கோரஸாக உள்ளே நுழைகிறார்கள். கயிறு தாண்டும் சிறுமிகளின் பாட்டாக, மாலுமிப் பாட்டாக, மானிடவியல் வகுப்பாக, ஒளிப்பதிவு செய்யப்பட்ட நீதிமன்ற விசாரணையாக, வெவ்வேறு வடிவத்தில் வருகிறார்கள்.

அட்வுட் வைக்கும் திருப்பம் இது. அந்தப் பெண்களை அந்த ஆண்களோடு பழகி உளவு பார்க்கச் சொன்னதே பெனலோப்பிதான். நெய்து முடித்ததும் ஒருவனை மணப்பதாகச் சொல்லிவிட்டு, பகலில் நெய்ததை இரவில் பிரிக்க அவளுக்குத் துணை நின்றவர்களும் அவர்கள்தான். அந்த ஏற்பாட்டை அவள் யூரிக்ளியாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது மறதியா, வசதியா? அவள் தன் பக்க நியாயத்தை அழகாகச் சொல்கிறாள். நாமும் நம்பத் தயாராகிறோம். பின்னாலிருந்து பன்னிரண்டு பேர் தொண்டையைச் செருமுகிறார்கள்.

இந்த வகை நாவலே தன்னைத் தானே சந்தேகப்படும் இடம் இது. அரசிக்குக் குரல் கொடுத்தால் போதுமா என்று 2005-லேயே அட்வுட் கேட்டுவிட்டார். பிறகு வந்த பல நாவல்களில் அந்தக் கேள்வி காதில் விழுந்த அறிகுறியே இல்லை.

குறையும் உண்டு. ட்ராய் போருக்கே காரணம் என்று சொல்லப்படும் ஹெலன் மீது அட்வுடுக்குத் துளி இரக்கம் இல்லை. செத்த பிறகும் பாதாளத்தில் மினுக்கிக்கொண்டு திரியும் அழகியாகவே அவளைக் காட்டுகிறார். பெனலோப்பிக்கு ஒன்றுவிட்ட சகோதரி மீது இருக்கும் பொறாமை அது என்று சமாதானம் சொல்லலாம். அப்படியும் கொஞ்சம் மலிவாகத்தான் இருக்கிறது. கோரஸ் பாடல்களில் சில சொதப்பல் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒடிசியின் கதைச்சுருக்கம்கூடத் தெரியாதவர்களுக்கு இதில் பாதி வீண்.

ஒரு வார இறுதியில் முடிக்க வேண்டும், கதை கொஞ்சம் தெரியும், ஆறுதலை விட உறுத்தல் பிடிக்கும் என்பவர்களுக்கு இதற்கு மேல் ஒன்று இல்லை.

## தி சைலன்ஸ் ஆஃப் தி கேர்ள்ஸ்: கோபத்தோடு படிக்க

இலியட் முழுக்க கிரேக்க வீரன் அக்கிலீஸின் கோபம். அந்தக் கோபம் தொடங்குவது பிரிசேயிஸ் என்ற பெண்ணால். அவள் ஊரை அழித்து, கணவனையும் சகோதரர்களையும் கொன்று, அவளைப் பரிசுப் பொருளாக எடுத்துக்கொள்கிறான் அக்கிலீஸ். அப்புறம் அவனிடமிருந்து கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னன் அவளைப் பிடுங்கிக்கொள்கிறான். இவ்வளவு சண்டைக்கும் காரணமானவள் இலியடில் வாய் திறப்பது ஒரே ஒரு முறை, 19-ஆம் காண்டத்தில் அக்கிலீஸின் நண்பன் பட்ராக்ளஸின் உடல் மேல் விழுந்து அழும்போது.

பார்க்கர் முதல் உலகப் போரைப் பற்றிய மூன்று நாவல்களால் பெயர் பெற்றவர். அவற்றில் மூன்றாவது 1995-இல் புக்கர் பரிசு வாங்கியது. படைவீரர்களின் பேச்சும் முகாமின் நாற்றமும் அவருக்குப் பழகிய விஷயம். கிரேக்க முகாமிலும் அதே ஆட்கள்தான் இருக்கிறார்கள்: குடி, எலி, கெட்ட வார்த்தை, காயக் கொட்டகை. அக்கிலீஸ் இங்கே மாவீரன் இல்லை, கசாப்புக்காரன்.

ஓர் இடத்தைச் சொன்னால் போதும். இலியடின் உச்சக் காட்சி என்று எல்லோரும் கொண்டாடுவது ட்ராயின் கிழ அரசர் பிரியாம், மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு எதிரி முகாமில் அக்கிலீஸின் கூடாரத்துக்குள் வருவது. உலகில் யாரும் செய்யாததைச் செய்கிறேன், என் மகனைக் கொன்ற கையை முத்தமிடுகிறேன் என்கிறார் அவர். படிக்கிற யாரும் கலங்கிவிடுவார்கள். பார்க்கரின் நாவலில் அதே கூடாரத்தில் பிரிசேயிஸும் நிற்கிறாள். அவள் மனதில் ஓடுவது வேறு: கணவனையும் அண்ணன் தம்பிகளையும் கொன்றவனோடு படுக்கிறேனே, எனக்கு முன்னால் எத்தனையோ பெண்கள் அதையே செய்திருக்கிறார்களே. இதைப் படித்த பிறகு இலியடின் அந்தக் காட்சியை முன்னைப் போலப் படிக்க முடியாது.

மறைவான செலவுகள் இரண்டு. ஒன்று, நாவலின் நடுவில் பார்வை அக்கிலீஸ் பக்கம் நழுவுகிறது. அவன் துக்கம், அவன் தாய், அவன் நண்பன். பெண்களின் மௌனம் என்று தலைப்பு வைத்த புத்தகத்தில் இவ்வளவு இடம் இவனுக்கா என்று விமர்சனம் எழுந்தது. எனக்கும் அந்த எரிச்சல் உண்டு. பிரிசேயிஸே தன் கதை அக்கிலீஸின் கதைக்குள் மாட்டிக்கொண்டதை உணர்கிறாள் என்பதால் ஆசிரியர் தெரிந்துதான் செய்திருக்கிறார். தெரிந்து செய்தாலும் எரிச்சல் குறைவதில்லை. இரண்டாவது செலவு, இது மூன்றில் முதல் பாகம். 2021-இல் 'தி விமன் ஆஃப் ட்ராய்', 2024-இல் 'தி வாயேஜ் ஹோம்' வந்தன. முதலாவதை மட்டும் படித்து நிறுத்தினாலும் கதை முழுமையாகவே இருக்கும், அதனால் பயப்பட வேண்டாம்.

மனம் சோர்ந்திருக்கும் நாட்களில் இதை எடுக்க வேண்டாம். இலியடைப் படித்து ரசித்தவர்களுக்கும், அதைப் படித்து ஏதோ இடித்தது என்று உணர்ந்தவர்களுக்கும் இதுதான் சரியான புத்தகம்.

## எ தவுசண்ட் ஷிப்ஸ்: பேருந்தில் படிக்க ஏற்றது

ஹெய்ன்ஸ் முன்பு மேடை நகைச்சுவைக் கலைஞர். பிபிசி வானொலியில் கிரேக்க, ரோமானிய இலக்கியத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்பவர். இந்த நாவலிலும் அந்தக் கைப்பழக்கம் தெரிகிறது. கவிதைத் தேவதை கலையோப்பியிடம் ஒரு கவிஞன் வழக்கம்போல் போர்க்கதை கேட்கிறான். அவள் சலித்துப்போய்ப் பெண்களின் கதைகளாகக் கொடுக்கிறாள். ட்ராய் அரசி ஹெகூபா, அவள் மருமகள் ஆண்ட்ரமக்கி, அகமெம்னனின் மகள் இஃபிஜெனியா, அமேசான் வீராங்கனை பெந்தெசிலியா என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆள் மாறும். கணவன் இன்னும் ஏன் வரவில்லை என்று பெனலோப்பி எழுதும் கடிதங்களில் பொறுமை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வது படு ரசனை.

எனக்குப் பிடித்தது ஈனோனி. ஹெலனுக்கு முன்னால் ட்ராய் இளவரசன் பாரிஸுக்கு வாய்த்த மனைவி. மனைவி ஹெலனை இழந்த மெனலாஸ் ஒரு படையையே திரட்டுகிறான். கணவனை இழந்த ஈனோனி பிள்ளையை வளர்க்கிறாள். இதில் யார் வீரர் என்று கலையோப்பி கேட்கிறாள்.

ஆழம் குறைவு என்பதே இதன் விலை. ஒருத்தியோடு ஒட்டிக்கொள்வதற்குள் அடுத்தவள் வந்துவிடுவாள். ஹெலன் இங்கும் ஓரங்கட்டப்படுகிறாள், கலையோப்பிக்கே அவளைக் கண்டால் ஆகாது. ஹெய்ன்ஸ் தானே வாசித்த ஒலிப்புத்தகம் கிடைக்கிறது. ஆங்கிலம் படிப்பதைவிடக் கேட்பது சுலபம் என்பவர்களுக்கு அது நல்ல வழி.

## வோல்ஃபின் கசாண்ட்ராவும் மெடியாவும்: யாரும் கைகாட்டாத பெரிய புத்தகங்கள்

மற்ற நால்வரும் பழைய கதையை இன்றைய பார்வையில் பார்க்கிறார்கள். வோல்ஃப் தான் வாழ்ந்த நாட்டைப் பார்ப்பதற்குப் பழைய கதையை எடுத்தவர். கிழக்கு ஜெர்மனியில் இருந்துகொண்டு 1983-இல் 'கசாண்ட்ரா'வை வெளியிட்டார். அகமெம்னனின் ஊரான மைசீனியின் சிங்க வாசலில், கொல்லப்படப் போகும் நேரத்தில், ட்ராய் இளவரசியும் யாரும் நம்பாத தீர்க்கதரிசியுமான கசாண்ட்ரா தன் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறாள். அத்தியாயம் கிடையாது, மூச்சு விட இடம் கிடையாது. அவள் நினைவில் வரும் ட்ராயில் யூமெலஸ் என்றொருவன் அரண்மனைக் காவலைப் பெருக்கிக்கொண்டே போகிறான். உளவு, சோதனை, யாரோடு யார் பேசலாம் என்ற கட்டுப்பாடு. ஹெலன் ட்ராயில் இல்லவே இல்லை. அது மேலிடத்துக்குத் தெரியும். ஆனாலும் ராஜ்யத்தின் மானத்துக்காகப் போர் நடக்கிறது. இதையெல்லாம் கிழக்கு ஜெர்மானிய வாசகர்கள் எப்படிப் படித்திருப்பார்கள் என்று விளக்கத் தேவையில்லை. நாவலோடு சேர்ந்த சொற்பொழிவுகளில் சில பகுதிகளை அந்நாட்டுப் பதிப்பில் தணிக்கை வெட்டியது.

'மெடியா' ஜெர்மனி இணைந்த பிறகு, 1996-இல் வந்தது. இதற்கு மூன்று வருடம் முன்பு, 1959 முதல் 1962 வரை வோல்ஃபே ரகசியக் காவல் துறைக்குத் தகவல் தந்தவர் என்ற கோப்பு வெளியாகி, ஊடகங்கள் அவரைக் கிழித்தன. நாவலில் ஒரு நகரமே கூடி, வெளியூர்க்காரி ஒருத்தியைப் பலியாடாக்குகிறது. வோல்ஃபின் மெடியா பிள்ளைகளைக் கொல்வதில்லை, கொன்றது கொரிந்த் ஊர்மக்கள். கறையை முழுவதுமாகக் கழுவிவிடுகிறார் என்று குறை சொல்லலாம். ஆனால் எதிரிகளும் பேசுகிறார்கள். ஆறு குரல்களில் அவள் கணவன் ஜேசனுக்கும் இடமுண்டு, அவளைக் காட்டிக்கொடுக்கும் மாணவி அகமெதாவுக்கும் இடமுண்டு. யார் வாயடைக்கப்படுகிறார்கள் என்ற என் அளவுகோலில் அட்வுடுக்கு அடுத்து நிற்பது இந்த நாவல்தான்.

ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தாலும் சுலபம் இல்லை. முதல் புத்தகமாக எடுத்தால் பாதியில் வைத்துவிடும் ஆபத்து அதிகம். மூன்றாவதாக எடுங்கள்.

## ஹோமரை முதலில் படித்தாக வேண்டுமா?

பலர் இங்கேதான் தேங்கி நிற்கிறார்கள். இலியட் 24 காண்டம், ஒடிசி 24 காண்டம், முடித்துவிட்டு நாவலுக்கு வரலாம் என்று நினைத்து இரண்டையும் தொடாமல் விடுவது. முழுவதும் வேண்டாம். இலியடில் 1, 19, 24. ஒடிசியில் 10, 22. இந்த ஐந்து காண்டங்கள் போதும். எமிலி வில்சனின் ஆங்கில ஒடிசி (2017) இன்றைய ஆங்கிலத்தில் சரளமாக ஓடுகிறது.

படிக்கும்போது ஒன்று தட்டுப்படும். இலியட் முடிவதே பெண்களின் ஒப்பாரியில்தான். ஹெக்டரின் உடலுக்கு முதலில் மனைவி ஆண்ட்ரமக்கி அழுகிறாள், பிறகு தாய் ஹெகூபா, கடைசியாக ஹெலன். இத்தனை வருடத்தில் ஹெக்டர் தன்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, மற்றவர்கள் திட்டினாலும் தடுத்தவன் அவன் என்று அழுகிறாள். அட்வுடும் ஹெய்ன்ஸும் ஹெலனுக்குத் தராத இடத்தை ஹோமர் தந்திருக்கிறார்.

இந்த வகை எழுத்தும் புதிதல்ல. கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் கி.மு. 431-இல் மேடையேற்றிய மெடியா, ஒரு பிள்ளை பெறுவதைவிட மூன்று முறை போர்க்களத்தில் நிற்பேன் என்கிறாள். ரோமானியக் கவிஞர் ஓவிட் பெனலோப்பி, பிரிசேயிஸ், ஈனோனி, மெடியா எழுதுவதாகக் கடிதங்களையே புனைந்திருக்கிறார். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசம். காசு செலவழிக்குமுன் இந்த வகை நமக்குச் சரிப்படுமா என்று பார்க்க இரண்டு கடிதம் போதும். நம்மிடமும் புதுமைப்பித்தன் 1940-களிலேயே 'சாப விமோசனம்' எழுதிவிட்டார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னது தெரிந்து மறுபடி கல்லாகும் அகலிகையைப் படித்தவர்களுக்கு அட்வுடின் நாவல் அந்நியமாகத் தோன்றாது.

## சரி, எது?

கிரேக்கம் சுத்தமாகத் தெரியாதவர்கள் சர்ஸியில் தொடங்கி, அடுத்து பெனலோப்பியாடுக்குப் போகலாம். ஒடிசி கதை ஓரளவு தெரிந்தவர்கள் நேராகப் பெனலோப்பியாட். ஒரே ஒரு புத்தகம் என்றால் என் ஓட்டும் அதற்கே. போர் இலக்கியம் படிப்பவர்கள் பார்க்கரிடம் போகலாம். நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும் என்றால் ஹெய்ன்ஸ். அரசியல் நாவல் பிடிக்கும் என்றால், கொஞ்சம் முன்கதையைத் தெரிந்துகொண்டு வோல்ஃபின் மெடியா.

ஜெனிஃபர் செயின்டின் 'அரியாட்னி' (2021), 'எலெக்ட்ரா' (2022), கோஸ்டான்ஸா கசாட்டியின் 'கிளைட்டம்னெஸ்ட்ரா' (2023) போன்றவை படிக்கச் சுகமானவைதான். ஆனால் இவற்றை அடுத்தடுத்து வாங்கிக் குவிக்க வேண்டாம். ட்ராய் போரைச் சுற்றிய நாவல்களில் அதே நிகழ்ச்சிகள் திரும்பத் திரும்ப வரும். பலியிடத்தான் வரவழைக்கிறார்கள் என்று தெரியாமல், அக்கிலீஸோடு கல்யாணம் என்று நம்பி இஃபிஜெனியா ஆலிஸ் துறைமுகத்துக்கு வருவதை மூன்றாவது நாவலில் படிக்கும்போது, அழுகை வர வேண்டிய இடத்தில் பக்கத்தைத் தள்ளிவிடத் தோன்றும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வேறு ஏதாவது படியுங்கள்.